வாலோஷெக் வீட்டு நெருப்பு

பக்கத்து வீட்டு ஜன்னல் கண்ணாடியில் உறைபனி உட்புறமாகப் பூத்திருந்தது.

வெளிப்புறம் என்றால் கெரார்ட் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டான். ஜனவரி மாதம், மூச்சு விட்டால் மீசையில் பனி கட்டுகிற குளிர். காலையில் கார் கண்ணாடியைச் சுரண்டியே அவனுக்குக் கை ஓய்ந்துபோயிருந்தது. ஆனால் உட்புறம்? கிழவர் வாலோஷெக்கின் புகைபோக்கி, இலைகள் உதிரத் தொடங்கிய நாளிலிருந்து ஒரு பொழுதும் ஓயாமல் புகைந்துகொண்டிருந்தது. மஞ்சளும் பழுப்புமாக, தார் நாற்றத்தோடு, மேலே எழும்பக்கூடத் தெம்பில்லாத புகை. கூரையோரமாகச் சரிந்து, வேலியைத் தாண்டி, நேராக கெரார்டின் படுக்கையறை ஜன்னலுக்கு வந்து நின்றது. அத்தனை நிலக்கரியைத் தின்கிற வீட்டுக்குள் கண்ணாடி எப்படி உறையும்?

“இன்னும் அங்கயேதான் நிக்கிறியா?” சமையலறை ஜன்னலைத் திறந்து அவன் மனைவி ரோமானா கத்தினாள். “நீ மொறைச்சா புகை பயந்து மேல போயிடுமா?”

“ஜன்னலைச் சாத்து. உள்ள வந்துடும்.”

“வராமலா இருக்கு? துவைச்ச போர்வையில நாத்தம், தலகாணியில நாத்தம். நேத்து சூப்புலகூட எனக்கு அந்த நாத்தம்தான்.”

கெரார்டுக்கு நெருப்பைப் பற்றித் தெரியும். அதைத் தவிர வேறு எதைப் பற்றியும் பேசத் தெரியாது என்று ரோமானா சொல்வாள். ரிப்னிக் பக்கத்துச் சுரங்க ஊர்களில் வீட்டுக்கு வீடு நிலவறையில், குழாய்களில் வெந்நீர் ஓட்டி வீட்டைச் சூடாக்கும் ஒரு கரி பாய்லர் உண்டு. ஆனால் அதை ஒழுங்காக எரிக்கிறவன் தெருவில் தான் ஒருவன்தான் என்பது அவன் எண்ணம். பெட்டி நிறையக் கரியைக் கொட்டிவிட்டு, விறகையும் தீயையும் அதன் தலைமேல் வைக்க வேண்டும். மெழுகுவர்த்திபோல் அது மேலிருந்து கீழே இறங்கி எரிய வேண்டும். கரியிலிருந்து கிளம்புகிற புகை மேலே உள்ள தீயைத் தாண்டித்தான் வெளியே போக முடியும். போகிற வழியிலேயே அதுவும் எரிந்துவிடும். மேல்கதவில் சுண்டுவிரல் நுழைகிற இடுக்கு, சாம்பல் கதவில் ஒரு கீற்று, அவ்வளவுதான் காற்று. ஒருமுறை நிரப்பினால் சாயங்காலத்திலிருந்து விடியும்வரை வெப்பமானியின் ஊசி அறுபது டிகிரியில் அசையாமல் நிற்கும். கெரார்ட் வீட்டுப் புகைபோக்கியைப் பார்க்கிறவர்கள் வீட்டில் ஆளில்லை என்றே நினைப்பார்கள். அதன் வாய்க்கு மேலே காற்று மட்டும் கொஞ்சம் நெளியும்.

இந்த வீட்டை வாங்கிக் குடிவந்ததிலிருந்து கிழவரிடம் இதைச் சொல்லாத குளிர்காலம் இல்லை. நகராட்சிக்குக்கூடப் புகார் செய்து பார்த்தான். வந்தவர்கள் சாம்பலைக் கிளறிப் பார்த்துவிட்டு, “வெறும் கரிதான், குப்பை எரிக்கல” என்று சொல்லிப் போய்விட்டார்கள். அதற்கு மறுநாளும் அவன் வேலியோரம் நின்று கெஞ்சினான்.

“பெரியவரே, ஒரே ஒரு தடவை என்னை உள்ள விடுங்க. மேலேர்ந்து பத்த வைக்கிறது எப்படின்னு காட்டிடறேன். வீடு கதகதன்னு இருக்கும்.”

“கதகதன்னு இருக்கணும்னு யாரு கேட்டா?”

“குளிர்ல உக்காந்திருக்கீங்களே!”

“நான்தானே உக்காந்திருக்கேன்? ஒனக்கு என்ன?”

“எனக்கு என்னவா? உங்க புகையைத்தான் நான் ராப்பகலா குடிச்சுக்கிட்டு இருக்கேன்!”

“வெறும் வயித்துல குடிக்காத” என்று சொல்லிவிட்டுக் கிழவர் கரிவாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அந்த வாரமே அவர் வாசற்படியில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆம்புலன்ஸ்காரர்கள் தூக்கும்போது அவர் வலியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கெரார்டைக் கூப்பிடச் சொன்னார். நிலவறையின் வெளிக்கதவுச் சாவி அவர் கைக்குள் சூடேறிக் கிடந்தது.

“கேட்டுக்க பியெஹா” என்று அவன் குடும்பப் பெயரைச் சொல்லி அழைத்தார். “காலையில ரெண்டு அள்ளு, சாயங்காலம் ரெண்டு அள்ளு. கரித்தூளை நனைச்சுப் போடணும். ஊசி முப்பத்தஞ்சைத் தாண்டக் கூடாது. குழாய் உறைஞ்சு வெடிக்காம இருந்தா எனக்குப் போதும். பெருசா எரிய விடாத. மேல வீட்டுக்குள்ள போகவே வேண்டாம்.”

“நனைச்சுப் போட்டா புகையாம என்ன செய்யும்?”

“புகையட்டும். சரின்னு சொல்லு.”

“சரி பெரியவரே. நீங்க கெளம்புங்க.”

“கேலியா சொல்லாத. சரின்னு சொல்லு.”

“சரி.”

முதல் சில நாட்கள் அவன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். அந்த நாட்களைப் போல எரிச்சலான நாட்களை அவன் வாழ்க்கையில் கண்டதில்லை. ஈரத்தூளை அள்ளிப் போட்டதும் தணல் முனகிக்கொண்டே கறுத்துவிடும். மேல்கதவின் விளிம்பெல்லாம் மஞ்சள் புகை கசிந்து கண்ணைக் கரிக்கும். ஒரு நாள் நெருப்பு செத்தே போனது. மறுபடி மூட்டுவதற்குள் அவன் விரலில் தோல் உரிந்தது, சட்டையில் தார் அப்பியது. புகைபோக்கியின் துப்புரவுக் கதவைத் திறந்து பார்த்தான். சுவரெல்லாம் பளபளவென்று கறுப்புப் பாகு. என்றைக்காவது ஒரு பொறி அதில் பட்டால் இந்தக் கூரையோடு தன் கூரையும் சேர்ந்து போகும்.

“நீ படுக்க வந்தா ரயில் இஞ்சின் வந்து படுத்த மாதிரி இருக்கு” என்றாள் ரோமானா. “இத்தனை வருஷமா அந்தாளுக்குப் பாடம் எடுத்தே. கடைசியில நீ அவர்கிட்ட கத்துக்கிட்டு வந்து நிக்கிறே.”

அது அவனைக் குத்திவிட்டது.

சனிக்கிழமை மதியம் அவன் தன் சொந்தக் கருவிகளோடு போனான். தணலை வாரி வெளியே கொட்டினான். புகைவழியைச் சுரண்டினான். தார் கட்டிகட்டியாக விழுந்தது. அதை வாளிவாளியாக எடுத்துக் கொட்டினான். கிழவரின் கரிக்குவியலில் நனையாத பக்கத்திலிருந்து நல்ல கட்டிகளாகப் பொறுக்கிப் பெட்டியை நிரப்பினான். மேலே சுள்ளி, அதன்மேல் தீக்குச்சி. கொஞ்ச நேரத்தில் வெண்ணிறமும் நீலமுமாக ஒரு தீ கரியின் தலைமேல் படர்ந்து, அடங்கிய குரலில் ஒரே சீராக ரீங்கரிக்கத் தொடங்கியது. வெளியே போய் அண்ணாந்து பார்த்தான். புகைபோக்கியின் வாயில் ஒன்றுமில்லை. காற்று நெளிந்தது. கெரார்டுக்குச் சிரிப்பு வந்தது.

அதோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் வேலையைச் சரியாகச் செய்தவனுக்கு அதன் பலனைப் பார்க்க ஆசை வரும். ஒவ்வொரு ஜன்னலுக்குக் கீழேயும் வெந்நீர் ஓடும் இரும்பு ரேடியேட்டர்கள் இருக்குமே, அவற்றில் காற்று அடைத்திருந்தால் திறந்துவிட வேண்டும் என்று தனக்குத் தானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு, நிலவறையின் உட்படிகளில் ஏறினான்.

மேலே நாலரை மணிக்கே இருட்டிவிட்டிருந்தது. விளக்கைப் போட்டான். சமையலறையிலேயே கிழவரின் கட்டில். அதன்மேல் கோட்டுகளும் கம்பளிகளும் மலையாக. நாற்காலி ஒன்றே ஒன்று. கூடத்துக்குப் போகும் வழியில் வாசல் கதவு, அதன் உட்புறம் முழுக்கக் கனத்த கம்பளம் ஒன்றை ஆணியடித்து வைத்திருந்தார். கீழே, மேலே, நடுவே மூன்று தாழ்ப்பாள்கள். குளிர் வராமல் இருக்க, என்று கெரார்ட் நினைத்தான். குளிரைக் கண்டு இவ்வளவு பயப்படுகிற மனுஷன் எதற்காக நெருப்பைப் பட்டினி போட்டான்?

குழாய்கள் ஒவ்வொன்றாகச் சூடேறத் தொடங்கின. இரும்பு டிக் டிக்கென்று நெட்டி முறித்தது, மேல்மாடியில் எங்கோ ஒரு பலகை முனகியது, ஜன்னல்களில் பூத்திருந்த பனி விளிம்புகளில் இளகிக் கண்ணாடி நெடுகக் கண்ணீராக வழிந்தது, வருஷக்கணக்காகச் சூடே படாத தூசி ரேடியேட்டர்களின் மேல் வறுபட்டு ஒரு பழைய வாசனையை எழுப்பியது: யாரோ வெகுநாள் முன்பு உடுத்தி மடித்து வைத்த பருத்தித் துணி, அதில் லேசாக சோப்பு. அவன் கோட்டைக் கழற்றினான். உள்ளங்கையை ரேடியேட்டர்மேல் வைத்து, கண்ணை மூடி, தன் வெற்றியை அனுபவித்தான்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

தட். கொஞ்சம் பொறுத்து மறுபடி, தட்.

குழாயில் காற்று, என்றான் அவன். ஆனால் குழாயிலிருந்து வரவில்லை. வாசல் கதவிலிருந்து வந்தது. விரலை மடக்கிக் கணுவால் தட்டுகிற சத்தமும் இல்லை. உள்ளங்கையால், தட்டையாக, பலமில்லாமல் அறைவது போல. விரல்களை மடக்க முடியாத ஒருவர் தட்டுவது போல.

ரோமானா சாப்பாடு கொண்டுவந்திருப்பாள். இரண்டு கையும் நிறைந்திருக்கும். அவன் தாழ்ப்பாள்களை இழுத்தான். துருப்பிடித்தவை; கடைசித் தாழ்ப்பாளில் கை வழுக்கி நகம் பெயர்ந்தது. கதவைத் திறந்ததும் இருட்டும் குளிரும்தான் முகத்தில் மோதின. வாசல் விளக்குக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை.

“யாரு?” என்றான் எரிச்சலோடு, நகத்தைச் சப்பிக்கொண்டே. “யாரா இருந்தாலும் உள்ள வாங்க. கதவைத் திறந்து வச்சா இருக்கிற சூடும் போயிடும்.”

யாரும் வரவில்லை. அவன் கணுக்காலைத் தொட்டுக்கொண்டு ஒரு குளிர்காற்று மட்டும் உள்ளே போனது. கெரார்ட் கதவைச் சாத்தித் தாழிட்டான்.

மறுநாள் மத்தியானம் நிலவறைக்கு மட்டும் வந்து பாய்லரை மறுபடி நிரப்பி மூட்டிவிட்டுப் போனான். சாயங்காலம் மேலே வந்தபோது சமையலறை ரேடியேட்டருக்குக் கீழே தண்ணீர் தேங்கியிருந்தது.

கசிவு. அதைத் தவிர வேறு எதுவாக இருக்க முடியும்? அவன் முழங்காலிட்டு மூட்டுகளைத் தடவிப் பார்த்தான். உலர்ந்து கிடந்தன. ஸ்பேனரை வைத்து இறுக்கிப் பார்த்தான், திட்டினான், துடைத்தான். அப்போதுதான் ரேடியேட்டர் அவன் கையில் பட்டது. பனிக்கட்டிபோல் இருந்தது. அதற்குள் போகிற குழாயோ தொட்ட கையைச் சுட்டது. காற்றடைப்பு என்று நினைத்து அதன் காற்று வால்வைத் திறந்தான். காற்று வரவில்லை, கொதிக்கக் கொதிக்க வெந்நீர் பீய்ச்சியது. உள்ளே வெந்நீர், வெளியே உறைந்த இரும்பு. தன் வாழ்நாளில் படித்ததும் பார்த்ததும் எதுவும் இதற்கு உதவவில்லை. ஆத்திரத்தில் ஸ்பேனரால் அந்த இரும்பை ஓங்கி ஓர் அடி அடித்தான். அது மணிபோல் ஒலித்தது.

கூடத்துக்குப் போனான். அங்கேயும் தரையில் ஈரம். அங்கேயும் குழாய் சூடு, ரேடியேட்டர் சில்லிப்பு. அதன் இரும்பு விலாக்களின்மேல் மெல்லிய வெண்பனி படிந்திருந்தது, நேற்று ஜன்னலில் உருகிய அதே பனி. ஆனால் முழுவதும் படியவில்லை. நடுவே சில இடங்கள் வெறுமையாக, ஈரமாக, துடைத்ததுபோல் இருந்தன. இரண்டு பக்கமும் நீளமாக இரண்டு தடங்கள். மேலே, ஓரமாக, முட்டை வடிவில் ஒன்று. கெரார்ட் அதைப் புரியாமல் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு புரிந்தது. யாரோ அதைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

அவன் வேகமாகக் கீழே இறங்கினான். ஓடவில்லை, ஓடினால் பயந்துவிட்டதாகிவிடும் என்று தோன்றியது.

நெருப்பைப் பார்த்ததும் கொஞ்சம் தெம்பு வந்தது. அழகாக எரிந்துகொண்டிருந்தது. கரி பாதிக்கு இறங்கி வெள்ளைத் தணலாக, ஒரு துளி புகையில்லாமல். ஆனால் ஊசி நாற்பதில் நின்றது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முப்பத்தெட்டுக்கு வந்தது. சாம்பல் கதவை இன்னும் திறந்தான். தீ உறுமியது. முப்பத்தாறு. கரியை அள்ளிப் போட்டான், மேலும் போட்டான், முகம் வெந்தது, வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. முப்பத்தொன்று. “ஏறு” என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு. “ஏறித் தொலை.” இவ்வளவு சூடும் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. யாரோ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

மேலே, அவன் தலைக்கு நேர் மேலே, பலகையில் ஒரு பாதம் வைக்கப்பட்டது.

வெறும் பாதம். ஈரப் பாதம். எடுக்கும்போது ஒட்டிப் பிரிகிற சத்தம். சமையலறையிலிருந்து கூடத்துக்கு. நிற்கிறது. நீண்ட நேரம் நிற்கிறது. ஊசி இறங்குகிறது. கூடத்திலிருந்து முன்னறைக்கு.

அவன் சட்டைப்பையில் ஃபோன் அடித்தது. அலறிவிட்டான்.

“பியெஹா?” வாலோஷெக்கின் குரல்தான். யாரிடமோ ஃபோன் இரவல் வாங்கியிருக்க வேண்டும். பின்னால் தட்டுகள் உரசும் ஓசை, ஒரு நர்ஸின் குரல். “ஊசி எங்க நிக்குது?”

“எறங்கிக்கிட்டே இருக்கு பெரியவரே. நெருப்பு நல்லாத்தான் எரியுது. ஆனா…”

“நல்லா எரியுதா?”

“ஒரு துளி புகையில்ல.”

“மேலேர்ந்து பத்த வச்சிட்டே” என்றார் கிழவர்.

“உங்க புகைபோக்கியில தார் எவ்வளவு இருந்துச்சு தெரியுமா? ரெண்டு வீடும் சேர்ந்து…”

“அவ வந்துட்டாளா?”

கெரார்ட் அண்ணாந்து பார்த்தான். மேலே பாதங்கள் நின்றுவிட்டிருந்தன. அவையும் கேட்டுக்கொண்டிருந்தன போல.

“கதவைத் திறந்தியா?”

“திறந்தேன். யாரும் இல்ல.”

“திறந்து என்ன சொன்னே?”

“யாருன்னு கேட்டேன்.” அவன் நாக்கு ஒட்டிக்கொண்டது. “உள்ள வாங்கன்னு சொன்னேன்.”

கிழவர் அழுகிறாரா இருமுகிறாரா என்று தெரியவில்லை. “கெட்டவ இல்ல பியெஹா. என் பொண்டாட்டி எல்ஃப்ரீடா யாருக்கும் கெடுதல் நெனச்சவ இல்ல. அவளுக்குக் குளிருது. அவ்வளவுதான். வீடு சூடானா வந்து தட்டுவா. தெறக்கலேன்னா விடியறதுக்குள்ள போயிடுவா. நான் தெறந்ததில்ல.” பிறகு வேறு குரலில் சொன்னார்: “அன்னைக்கு உசிரோட தட்டினப்பவும் தெறக்கல. சண்டை. கோவம். வாசல்லயே வெறைச்சு செத்துப் போயிட்டா. தூங்கிட்டேன்னு ஊருக்கே சொன்னேன்.”

“நான் இப்ப என்ன பண்ணணும்?”

“நெருப்பை வாரி வெளிய கொட்டு. ஒரு கங்கு மிச்சம் வைக்காத. சூடு போனா அவளும் போயிடுவா.”

எங்கே போவாள் என்று கெரார்ட் கேட்கவில்லை.

அவன் வெளிக்கதவை அகலத் திறந்து வைத்தான். வாளியை இழுத்து வைத்து, மண்வாரியைத் தணலுக்குள் செருகினான். முதல் வாளி. வெளிப்படிகளில் ஏறி முற்றத்துப் பனியில் கொட்டியதும் அது சீறியது, வெள்ளை ஆவி எழுந்தது. இரண்டாவது வாளி. கைப்பிடி உள்ளங்கையைப் பொசுக்கியது. இவ்வளவு நல்ல நெருப்பு. இவ்வளவு பாடுபட்டு மூட்டியது. அவனுக்கு அழுகை வந்தது, பயத்திலா கோபத்திலா என்று அவனுக்கே தெரியவில்லை.

மூன்றாவது வாளிக்காகக் குனிந்தபோது உட்படியின் உச்சியில் மரம் முனகியது.

ஒரு படி.

அவன் திரும்பவில்லை.

சூடு இருக்கிற இடம் தேடி வருகிறாள். இங்கேதான் சூடு. அவன் கைக்குள். அவன் முகத்துக்கு முன்னால்.

இன்னொரு படி. சொட்டு விழும் சத்தம். டொக். டொக்.

வாரினான். வாளி. படி. பனி. சீறல். மறுபடி உள்ளே வரும்போது கண்ணைத் தரையிலேயே வைத்துக்கொண்டான். உட்படியின் கடைசிப் படியில் ஏதோ வெளுப்பாக நின்றது, துணியின் விளிம்பு, விறைத்துப்போன துணி. அதற்குக் கீழே நகங்கள் நீலம் பாரித்த பாதங்கள். பார்க்காதே. முதுகில் குளிர். குளிர் இல்லை, முதுகிலிருந்து சூடு போய்க்கொண்டிருந்தது, தோலைப் பிய்த்துக்கொண்டு போவதுபோல. வாரு. வாரு. விரல்கள் உணர்வை இழந்தன. மண்வாரியை இரண்டு மணிக்கட்டுகளுக்கு நடுவே பிடித்துக் கடைசித் தணலை இழுத்தான். தரையில் சிதறியதைக் காலால் மிதித்தான்.

அணைந்தது.

இருட்டு. ஒரு மூச்சு. அவனுடையது இல்லை.

பிறகு பாதங்கள் ஏறிப்போயின. படிகளில், சமையலறையில், கூடத்தில். அவன் தாழிட்டிருந்த வாசல் கதவில் முதல் தாழ்ப்பாள் இழுபட்டது. இரண்டாவது. மூன்றாவது. கதவு திறந்து, காற்றில் ஒருமுறை மோதி, நின்றது. வீடு முழுக்க ஒன்றுமில்லாத அமைதி.

கெரார்ட் கரிக்குவியலின் மேலேயே உட்கார்ந்துவிட்டான். வெகுநேரம் எழவில்லை. முடிந்தது என்று சொல்லிக்கொண்டான். நாளைக்கு ஈரத்தூளைப் போட்டு மூட்ட வேண்டும். புகைந்தால் புகையட்டும், இனி வாழ்நாளில் யாரிடமும் புகையைப் பற்றிப் பேசப் போவதில்லை. தட்டுத் தடுமாறி வெளிப்படிகளில் ஏறினான்.

வானம் துல்லியமாக இருந்தது. ஊர் முழுக்கப் புகைபோக்கிகள் புகைந்துகொண்டிருந்தன, வாலோஷெக் வீட்டையும் அவன் வீட்டையும் தவிர. வாலோஷெக் வீட்டில் நெருப்பில்லை. அவன் வீட்டில் இருந்தது. அவன் வீட்டுப் புகைபோக்கிக்கு மேலே நட்சத்திரங்கள் மட்டும் லேசாக நடுங்கின. மத்தியானம் அவனே நிரப்பி மூட்டியது. விடியும்வரை நிற்கும்.

பனியில் காலடித் தடங்களின் வரிசை ஒன்று வாலோஷெக்கின் வாசலிலிருந்து புறப்பட்டு, வேலியின் இடைவெளி வழியாக, நேராகப் போயிருந்தது. ஒவ்வொரு தடத்திலும் ஐந்து விரல்.

“ரோமானா!”

ஓடினான். விழுந்தான். எழுந்து ஓடினான். வாசலில் தடம் முடிந்திருந்தது. கதவு சாத்தியிருந்தது, உட்பக்கமாக யாரோ பத்திரமாகச் சாத்தியதுபோல. சமையலறையில் விளக்கு எரிந்தது. தேநீர் வாசனை.

ரோமானா தரையில் முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தாள், அவனுக்கு முதுகைக் காட்டி. அவளுக்கு முன்னால் ரேடியேட்டரோடு ஒட்டிப் போட்ட நாற்காலியில் ஒருத்தி இருந்தாள். இரண்டு கைகளாலும் இரும்பைக் கட்டிக்கொண்டு, கன்னத்தை அதில் சாய்த்து, அந்தப் பக்கம் திரும்பியிருந்தாள். இரவு உடை. முதுகில் தொங்கிய கூந்தலிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இறங்கியது. அவள் தோளில் ரோமானாவின் நல்ல சால்வை. அவள் பாதங்கள் ரோமானாவின் மடியில்.

“சத்தம் போடாத” என்றாள் ரோமானா திரும்பாமல். மெதுவாக, ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே தேடித் தேடி. “பாவம்… வெறுங்கால்ல வந்து நின்னா. கை மடங்கல அவளுக்கு. தட்டக்கூட முடியல.” ஒவ்வொரு சொல்லும் அவள் வாயிலிருந்து வெள்ளை ஆவியாக வந்தது. “தேய்ச்சு விடறேன். பாரு… சூடு ஏறுது.”

“எழுந்திரு. கையை எடு ரோமானா.”

“எப்படி எடுக்கிறது?” அவள் மெல்லச் சிரித்தாள். “ஒட்டிக்கிச்சே.”

கெரார்ட் சுற்றி வந்து பார்த்தான். அந்தப் பாதங்களில் நீலம் மாறி இளஞ்சிவப்பு ஏறிக்கொண்டிருந்தது, குளித்து எழுந்த குழந்தையின் பாதங்கள்போல. அவற்றைப் பற்றியிருந்த ரோமானாவின் விரல்கள் மெழுகாக வெளுத்திருந்தன. வெளுப்பு மணிக்கட்டைத் தாண்டி, முழங்கையைத் தாண்டி, கழுத்துக்கு வந்திருந்தது. அவள் புருவத்தில் பனி. அவள் உதட்டில் அந்தப் பழைய, யாரையும் வாசலில் நிற்க வைக்காத சிரிப்பு.

கீழே நிலவறையில் அவன் மூட்டிய நெருப்பு ஒரே சீராக ரீங்கரித்தது.

நாற்காலியில் இருந்தவள் இரும்பிலிருந்து கன்னத்தைப் பிரித்தாள். மெல்ல அவன் பக்கம் திரும்பினாள். இமைகளில் கட்டியிருந்த பனி இளகி வழிந்தது. ஒரு கையை அவனை நோக்கி நீட்டினாள். மடங்காத ஐந்து விரல்களும் விரிந்தபடி.

“நீயும் பக்கத்துல வா” என்றாள் ரோமானா.

அவள் வாயிலிருந்து ஆவி வருவது நின்றுவிட்டிருந்தது.